நான்-ப்ரிசிஷன் அப்ரோச்: கருவியிலிருந்து கண்ணுக்கு மாறுவது எப்படி

ஐ.எல்.எஸ்.-இல் (இடவலம், சரிவு இரண்டையும் ரேடியோவால் காட்டும் முறை) மேகத்தை விட்டு வெளியே வரும்போது விமானம் ஏற்கனவே சரியான சரிவில்தான் இருக்கும். ரன்வே தெரிந்ததும் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதுவரை செய்ததையே தொடர்ந்தால் போதும். வி.ஓ.ஆர்., என்.டி.பி. என்ற ரேடியோ நிலையங்கள், கிளைட்ஸ்லோப் (சரிவு காட்டும் சமிக்ஞை) இல்லாத லோக்கலைசர் (நடுக்கோடு காட்டும் சமிக்ஞை), எல்நாவ் (இடவலம் மட்டும்) மினிமம் மட்டும் உள்ள ஆர்.என்.பி. என்ற செயற்கைக்கோள் முறை இவற்றில் அந்தச் சௌகரியம் கிடையாது. இவைதான் நான்-ப்ரிசிஷன் அப்ரோச், அதாவது சரிவு வழிகாட்டல் இல்லாமல் ரன்வேயை நோக்கி இறங்கிவருவது. கருவி இடவலம் சொல்லும், மேல்கீழ் சொல்லாது. சரிவை விமானிதான் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும். போட்ட கணக்கு தப்பாகியிருந்தால் அது வெளிப்படுவது தரைக்கு ஐந்நூறு, அறுநூறு அடி உயரத்தில், மழைத்துளி ஓடும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு மங்கலான விளக்குகளாக.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தயாராகிறவர்களையும், வீட்டு சிமுலேட்டரில் நிஜமான முறையில் பழக நினைப்பவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. உங்கள் கையிலுள்ள சார்ட்டும் நிறுவனக் கையேடும் வேறு மாதிரி சொன்னால், அவை சொல்வதே சரி.

எது தெரிந்தால் இறங்கலாம்

எம்.டி.ஏ. என்பது ரன்வேக்குரிய அடையாளம் தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரம். ஐ.எல்.எஸ்.-இன் டி.ஏ.-வுக்கும் (முடிவெடுக்கும் உயரம்) இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டி.ஏ.-வில் முடிவெடுத்து கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் ஏறுவது) தொடங்கும்போது விமானம் சில அடி கீழே அமிழ்வதை வடிவமைப்பே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எம்.டி.ஏ.-வில் அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் ஒரே சரிவில் தொடர்ந்து இறங்கிவரும் முறையில் பறப்பவர்கள் பலரும் எம்.டி.ஏ.-வுடன் 50 அடி கூட்டி, அந்த எண்ணிலேயே முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்க விதி 91.175 எம்.டி.ஏ.-வுக்குக் கீழே போக மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. இயல்பான இறக்க வேகத்தில், இயல்பான அசைவுகளோடு அதே ரன்வேயில் இறங்கக்கூடிய இடத்தில் நீங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். விமானத்திலிருந்து தெரியும் காட்சித்தூரம் சார்ட்டில் சொன்ன அளவுக்குக் குறையக்கூடாது. ரன்வேக்குரிய அடையாளம் ஒன்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும்: அப்ரோச் லைட், த்ரெஷோல்ட் (ரன்வேயின் தொடக்கம்) அல்லது அதன் பச்சை விளக்குகள், ரன்வே ஓர விளக்கு, டச்டவுன் (சக்கரம் தொடும்) பகுதிக் கோடுகள், பாப்பி (சரிவு சரியா என்று வெள்ளை, சிவப்பு நிறத்தால் காட்டும் விளக்குகள்) போன்றவை. அப்ரோச் லைட் மட்டும்தான் தெரிகிறது என்றால் டச்டவுன் பகுதிக்கு 100 அடி உயரம் வரைதான் வரலாம். அதற்குக் கீழே போக, அந்த விளக்கு வரிசையின் சிவப்புப் பட்டைகளோ வேறொரு அடையாளமோ கூடவே தெரிய வேண்டும்.

பலர் மூன்றாவது நிபந்தனையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) இதை இன்னும் நேர்த்தியாகச் சொல்கிறது: அடையாளம் போதுமான நேரம் கண்ணில் இருக்க வேண்டும், விமானம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமல்ல, அந்த நிலை எந்த வேகத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் எடைபோட முடிந்திருக்க வேண்டும். ஒரு நொடி பார்த்தால் இடம் தெரியும். மாற்றம் தெரிய இரண்டு மூன்று நொடி வேண்டும். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் அந்த மூன்று நொடியைச் சம்பாதிப்பது பற்றித்தான்.

‘தரை தெரிகிறது’ என்பது அடையாளமே அல்ல. 2001 நவம்பர் 24 இரவு, சூரிக்கில் 28-ஆம் ரன்வேக்கு வி.ஓ.ஆர்./டி.எம்.இ. (டி.எம்.இ. தூரம் காட்டும் கருவி) அப்ரோச்சில் வந்த கிராஸ்ஏர் 3597-இன் கேப்டன், கீழே தரை தெரிவதாகச் சொல்லிக்கொண்டு 2,390 அடி எம்.டி.ஏ.-வைக் கடந்து இறங்கினார். ரன்வே தெரியவில்லை. விமானம் ரன்வேக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் ஒரு மரக்குன்றில் மோதியது. 33 பேரில் 24 பேர் இறந்தார்கள். நேர்கீழே தெரியும் சாலை விளக்குகள், நீங்கள் மேகத்துக்கு வெளியே வந்துவிட்டதை மட்டும்தான் சொல்லும்.

இறங்கத் தொடங்குமுன் போடவேண்டிய கணக்கு

உதாரணத்துக்கு ஒரு ரன்வே. த்ரெஷோல்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 100 அடி. எம்.டி.ஏ. 700 அடி. அதாவது ரன்வேக்கு மேல் 600 அடி. டி.எம்.இ. நிலையம் வளாகத்துக்குள் இருப்பதால் த்ரெஷோல்டுக்கு மேல் வரும்போது அது பூஜ்யம் காட்டாது, 0.5 காட்டும். இந்த அரை மைலை மறந்துவிட்டு டி.எம்.இ. எண்ணை அப்படியே தூரமாக எடுத்துக்கொள்வது பயிற்சியில் அடிக்கடி பார்க்கும் பிழை. அரை கடல் மைல் என்பது சரிவில் 160 அடி.

3 பாகைச் சரிவு ஒரு கடல் மைலுக்கு 318 அடி இறங்கும். த்ரெஷோல்டை 50 அடியில் கடக்க வேண்டும். எனவே எந்த இடத்திலும் இருக்க வேண்டிய உயரம்: 150 அடி, அதோடு த்ரெஷோல்டிலிருந்து உள்ள தூரத்தை 318-ஆல் பெருக்கிய தொகை.

டி.எம்.இ. 5 என்றால் 1,580 அடி.
டி.எம்.இ. 4 என்றால் 1,260 அடி.
டி.எம்.இ. 3 என்றால் 950 அடி.
டி.எம்.இ. 2.2-இல் 700 அடி, எம்.டி.ஏ.

அந்த 2.2-தான் உங்கள் முடிவுப் புள்ளி. சில சார்ட்டுகளில் இதை வி.டி.பி. (கண்ணால் பார்த்து இறங்கத் தொடங்கும் புள்ளி) என்று அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அவசரக் கணக்கு ஒன்று உண்டு: ரன்வேக்கு மேலுள்ள உயரத்தை 300-ஆல் வகுத்தால் த்ரெஷோல்டிலிருந்து தூரம் வரும். 600-க்கு 2 கடல் மைல். துல்லியமான விடை 1.7. வித்தியாசம் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருக்கிறது.

டி.எம்.இ. இல்லாமல் கடிகாரத்தை நம்பிப் பறக்கும் அப்ரோச்சில், ரன்வேக்கு மேலுள்ள உயரத்தில் பத்தில் ஒரு பங்கை விநாடியாக எடுத்து, மிஸ்ட் அப்ரோச் புள்ளிக்கான (ரன்வே தெரியாவிட்டால் மீண்டும் ஏற வேண்டிய கடைசி இடம்) நேரத்திலிருந்து கழிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். 600 அடிக்கு 60 விநாடி. இது 120 நாட் வேகத்துக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஏறக்குறையப் பொருந்தும். 90 நாட்டில் வரும் செஸ்னாவுக்கு 60 விநாடியில் 1.5 மைல்தான் ஓடும். அதற்கு 70 விநாடி கழிக்க வேண்டும். மிஸ்ட் அப்ரோச் புள்ளி த்ரெஷோல்டில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது.

அடுத்து இறக்க வேகம். தரைவேகத்தை 5-ஆல் பெருக்கி, அதன்மேல் கொஞ்சம் கூட்டுங்கள். 100 நாட்டுக்கு நிமிடத்துக்கு 530 அடி, 120-க்கு 640, 140-க்கு 740. இங்கே ‘தரைவேகம்’ என்ற சொல்தான் முக்கியம். 120 நாட் காற்றுவேகத்தில் 20 நாட் எதிர்காற்று இருந்தால் தரைவேகம் 100. அதைக் கவனிக்காமல் 640-ஐயே பிடித்துக்கொண்டு வந்தால், டி.எம்.இ. 5-லிருந்து 2.2 வருவதற்குள் சுமார் 185 அடி தாழ்ந்திருப்பீர்கள். கருவியில் ஊசி நடுவில் நிற்கும், வேகம் சரியாக இருக்கும், எல்லாம் ஒழுங்காகத்தான் தோன்றும். ஒவ்வொரு மைலிலும் உயரத்தைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தால் மட்டுமே இது பிடிபடும். ‘டி.எம்.இ. 4, இருக்க வேண்டியது 1,260, இருப்பது 1,200, அறுபது அடி தாழ்வு’ என்று சொன்னால், கை தானாகவே இறக்க வேகத்தைக் குறைக்கும்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்: ரன்வே தாமதமாகத் தெரிந்தால்? எம்.டி.ஏ.-வில் சமமாகப் பறந்துகொண்டே போய், த்ரெஷோல்டுக்கு 1 மைல் இருக்கும்போது ரன்வேயைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 120 நாட்டில் அந்த ஒரு மைலுக்கு 30 விநாடி. அதற்குள் 550 அடி இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 1,100 அடி, சரிவு 5 பாகைக்கு மேல். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனின் நிலையான அப்ரோச் அளவுகோலில் உச்ச வரம்பு 1,000 அடி. ஆக, ரன்வே முழுதாகக் கண்ணெதிரே இருக்கும், ஆனால் முதல் நிபந்தனைப்படி நீங்கள் இறங்கக்கூடிய இடத்தில் இல்லை. முடிவுப் புள்ளியைத் தாண்டிவிட்டால் இறங்கும் எண்ணத்தை அப்போதே கைவிடுவது இதனால்தான். எம்.டி.ஏ.-வுக்கு வேகமாக இறங்கி, அங்கே சமமாகப் போய்க்கொண்டே ரன்வேயைத் தேடும் பழைய பாணி ஏன் கைவிடப்பட்டுவருகிறது என்பதற்கும் இதுவே காரணம். ஐரோப்பிய விதிகளில் அப்படிப் பறப்பவர்களின் காட்சித்தூர மினிமத்தில் சிறு விமானங்களுக்கு 200 மீட்டர், பெரியவற்றுக்கு 400 மீட்டர் கூட்டிவிடுவார்கள்.

எங்கே, எதைத் தேடுவது

மேகத்தின் உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காட்சித்தூரத்தை அதோடு சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. நம் உதாரணத்தில் முடிவுப் புள்ளி த்ரெஷோல்டிலிருந்து 1.7 கடல் மைல், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டர். நான்-ப்ரிசிஷன் ரன்வேக்கான எளிய அப்ரோச் லைட் வரிசை த்ரெஷோல்டுக்கு முன்னால் 420 மீட்டர்தான் நீளும், 300 மீட்டரில் ஒரு குறுக்குப் பட்டையோடு. அந்த வரிசையின் முதல் விளக்கே உங்களிடமிருந்து 2.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காட்சித்தூரம் 2,000 மீட்டர் என்று ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொன்னால், மேகம் ஆயிரம் அடியில் இருந்தாலும் முடிவுப் புள்ளியில் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 900 மீட்டர் நீளமுள்ள முழு வரிசையாக இருந்தால்கூட அதன் முனை 2.3 கிலோமீட்டரில். இதை பிரீஃபிங்கிலேயே போட்டுப் பார்த்துவிட்டால், ‘இன்னும் கொஞ்சம் போனால் தெரியுமோ’ என்ற சபலம் எங்கே வரும், ஏன் வரும் என்று முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது திசை. ரன்வே மூக்குக்கு நேரே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்கத்திலிருந்து 20 நாட் குறுக்குக்காற்று, விமான வேகம் 120 நாட் என்றால் மூக்கு 10 பாகை இடப்பக்கம் திரும்பியிருக்கும். ரன்வே வலப்பக்கம் தெரியும். காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் தேட வேண்டும். இதோடு, வி.ஓ.ஆர். அப்ரோச்சின் இறுதிப் பாதை ரன்வேயின் நடுக்கோட்டோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நேரடி அப்ரோச் என்ற பெயரிலேயே சிறு விமானங்களுக்கு 30 பாகை, ஜெட்களுக்கு 15 பாகை வரை கோணம் இருக்கலாம். காற்றும் கோணமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் ரன்வே கண்ணாடியின் ஓரத்தில் போய் நிற்கும். எனவே பிரீஃபிங்கில் ஒரு வாக்கியம்: ‘ரன்வே ஒரு மணி திசையில் தெரியும்’ (கடிகார முகத்தில் 1 இருக்கும் பக்கம், சற்று வலப்பக்கம்). அவ்வளவுதான்.

காக்பிட்டில் சில சின்ன வேலைகள். இருக்கையின் உயரத்தை ஏர்பஸ்ஸில் நடுத்தூணிலுள்ள குண்டுகளைக் கொண்டும், மற்றவற்றில் கையேட்டில் சொன்ன மாதிரியும் சரிசெய்யுங்கள்; தாழ உட்கார்ந்தால் மூக்கு, தெரிய வேண்டிய விளக்குகளையே மறைத்துவிடும். உள்விளக்குகளை மங்கலாக்குங்கள். மழை என்றால் வைப்பரை முன்னரே போடுங்கள், எம்.டி.ஏ.-வில் தேடாதீர்கள். மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் லேண்டிங் லைட் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். அணைத்து வைத்தால் தெரியும் தூரம் கூடும்.

கடைசி ஆயிரம் அடி

ரன்வேக்கு 1,000 அடி மேலே வரும்போது சக்கரம், ஃப்ளாப், வேகம், செக்லிஸ்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு கைக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இரண்டு பேர் இருக்கும் காக்பிட்டில் ஓட்டும் விமானி உள்ளேயே பார்க்கிறார். கண்காணிக்கும் விமானி உள்ளே, வெளியே, உள்ளே என்று மாறி மாறிப் பார்க்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பார்க்கும் ஒரு நொடிகூட இருக்கக்கூடாது. 2013 ஆகஸ்ட் 14 விடியுமுன், அலபாமாவின் பர்மிங்ஹாமில் யு.பி.எஸ். 1354 சரக்கு விமானம் 18-ஆம் ரன்வேக்கு லோக்கலைசர் அப்ரோச்சில் வந்தது. மேகம் ஆயிரம் அடியிலேயே விலகிவிடும் என்று இருவரும் எதிர்பார்த்திருந்தார்கள். விலகவில்லை. நிமிடத்துக்கு 1,500 அடி இறக்கத்தில் 1,200 அடி மினிமம் யாரும் கவனிக்காமலேயே கடந்துபோனது. ரன்வே தெரிகிறது என்ற சொல் வந்த சில நொடிகளில் விமானம் மரங்களில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். எதிர்பார்ப்பு கண்ணை வெளியே இழுத்துவிட்டால் உயரமானியைப் பார்க்க ஆள் இருக்காது.

மினிமத்துக்கு 100 அடி மேலே கண்காணிப்பவர் ‘ஹண்ட்ரட் அபவ்’ என்கிறார். விளக்கு தெரிந்தால், தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்: ‘அப்ரோச் லைட், ஒரு மணி திசை.’ ‘ரன்வே தெரியுது, இறங்கிடலாம்’ என்பது முடிவு; முடிவெடுப்பது அவர் வேலையல்ல. ஓட்டுபவர் அப்போதுதான் தலையைத் தூக்குகிறார், சொன்ன திசையில் பார்க்கிறார், தானே கண்டபின் ‘கன்டினியூ’ அல்லது ‘கோ-அரவுண்ட்’ என்கிறார். மூன்றாவது சொல் கிடையாது. மௌனம் என்றால் கோ-அரவுண்ட்.

தலை நிமிர்ந்த அந்த முதல் மூன்று நொடியில் செய்ய வேண்டியது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. மூக்குக் கோணம், பவர், இறக்க வேகம் மூன்றும் இதுவரை இருந்தபடியே இருக்கட்டும். கை அதைத்தான் ஒத்துக்கொள்ளாது. விளக்கைப் பார்த்ததும் அதன் பக்கம் மூக்கைத் தாழ்த்தத் தோன்றும். அப்ரோச் லைட் வரிசை, திசையையும் சாய்வையும் நன்றாகச் சொல்லும்: நடுவரிசை உங்களுக்கு நேராக ஓடுகிறதா, குறுக்குப் பட்டை அடிவானத்தைப் போலச் சமமாக இருக்கிறதா. உயரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ரன்வேயின் உருவமும் பாப்பியும் தெரியும்வரை, உயரத்தை உங்கள் பழைய 640 அடிதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தால், முதலில் திசை, அடுத்து சரிவு. சாய்வு 15 பாகையைத் தாண்ட வேண்டாம். ஆட்டோபைலட்டை விளக்கு தெரிந்த நொடியில் பிடுங்காதீர்கள், தரைக்கு அருகில் வரும்வரை விட்டுவைக்கவும் வேண்டாம். கோண அப்ரோச்சில் அது உங்களை ரன்வேக்குக் கொண்டுபோகாது, வி.ஓ.ஆர். ரேடியலுக்குத்தான் (வி.ஓ.ஆர். காட்டும் கோடு) கொண்டுபோகும். படம் பிடிபட்டதும் எடுத்து, கையில் விமானத்தின் போக்கு பழகச் சில நொடிகள் விட்டுக்கொள்ளுங்கள்.

இதன்பிறகு ஓட்டுபவரின் கண் சுற்றும் பாதை: இலக்குப் புள்ளி, வேகம், இலக்குப் புள்ளி, இறக்க வேகம். கருவியை விட்டுக் கண்ணுக்கு மாறுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, கருவியை முழுதாக விடுவதே கிடையாது. கண்காணிப்பவர் இப்போது உள்ளேதான் பார்க்க வேண்டும். 1,000 அடிக்கு மேல் இறக்கம் போனாலோ வேகம் சரிந்தாலோ சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

ஏர் கனடா 624-இல் என்ன நடந்தது என்பதை இந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். 2015 மார்ச் 29, நள்ளிரவு கடந்த நேரம், ஹாலிஃபாக்ஸில் பனிப்பொழிவு. ஏர்பஸ் ஏ320, 05-ஆம் ரன்வேக்கு லோக்கலைசர் அப்ரோச். சரிவுக் கோணத்தை ஆட்டோபைலட்டில் பதித்துவிட்டார்கள். காற்றின் மாற்றத்தால் மெல்ல விலகி, விமானம் நினைத்த பாதைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. இறுதி இறக்கம் தொடங்கும் புள்ளிக்குப் பிறகு உயரத்தையும் தூரத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க அவர்களின் நடைமுறை கேட்கவில்லை. எம்.டி.ஏ.-வில் சில விளக்குகள் தெரிந்தன, தொடர்ந்தார்கள். ரன்வே விளக்குகளை முழு வெளிச்சத்துக்கு ஏற்றும்படி கேட்டிருந்தும் அது நடக்கவில்லை. மங்கலான விளக்குகளை வைத்து உயரத்தை எடைபோட முடியவில்லை. தாழ்ந்திருப்பது புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. ரன்வேக்கு 740 அடி முன்னாலேயே விமானம் தரையைத் தொட்டது. 138 பேரும் உயிர் பிழைத்தார்கள், 25 பேருக்குக் காயம். விதிப்படி அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. மேல்கீழ் பற்றிய தகவல்தான் யாரிடமும் இல்லை.

பாப்பியைப் படிப்பது

பாப்பி தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வழக்கமாக ரன்வேயின் இடப்பக்கம் நான்கு விளக்குகள். 3 பாகைக்கு அமைத்ததில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்பது 2 பாகை 50 கலைக்கும் 3 பாகை 10 கலைக்கும் இடைப்பட்டது (60 கலை ஒரு பாகை). மூன்று சிவப்பு 2 பாகை 30 கலை வரை. நான்கும் சிவப்பானால் அதற்கும் கீழே. மேலே 3 பாகை 30 கலையைத் தாண்டினால் நான்கும் வெள்ளை.

கோணம் ஒன்றுதான், ஆனால் அதன் தடிமன் தூரத்தோடு மாறும். இரண்டு மைல் தள்ளி அந்த இரண்டுக்கு-இரண்டு பட்டை சுமார் 70 அடி தடிமன். அரை மைலில் 18 அடிதான். தொலைவில் செய்த அதே அளவு திருத்தத்தைப் பக்கத்தில் செய்தால் ஒரு பக்கம் தாண்டி மறுபக்கம் போய்விடுவீர்கள். மூன்று சிவப்பு தெரிந்தால் இறக்கத்தை 640-லிருந்து 400-க்குக் குறைத்து, மூன்றாவது விளக்கு இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும்போதே மறுபடி 640-க்கு வந்துவிடுங்கள். வெள்ளையாகும்வரை காத்திருந்தால் தாமதம்.

எம்.டி.ஏ.-வில் சமமாகப் பறந்து வருபவர் நான்கு சிவப்பைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. சரிவு அவருக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். நான்கு, மூன்று என்று குறைந்து இரண்டுக்கு இரண்டு வரும்வரை உயரத்தை விடாமல் போய், அங்கே இறங்கத் தொடங்கலாம். பனிமூட்டத்திலும், விளக்கின் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கும் விடியற்காலையிலும் வெள்ளையும் சிவப்பும் கலந்து இளஞ்சிவப்பாகத் தெரிவதுண்டு. அப்போது டி.எம்.இ. கணக்கோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

இரண்டுக்கு இரண்டில் நன்றாக வந்துகொண்டிருந்தவர்களும் கடைசி 200 அடியில் ஒரு தவறு செய்வார்கள். குட்டையான அல்லது ஈரமான ரன்வே என்றால் மனம் பார்வையை முன்னுக்கு, த்ரெஷோல்ட் பக்கம் இழுக்கும். 3 பாகைச் சரிவில் த்ரெஷோல்டை 50 அடியில் கடந்தால் அந்தக் கோடு தரையைத் தொடுவது 950 அடி உள்ளே. அந்த 950 அடியை மிச்சப்படுத்தலாம் என்று த்ரெஷோல்டையே குறிவைத்தால், அங்கே உயரம் 50 அடி அல்ல, பூஜ்யம். இன்னொன்று: பூஜ்யத்துக்கு வருவது உங்கள் கண். சக்கரம் கண்ணுக்குப் பல அடி கீழே, பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறது.

கண் ஏமாறும் இடங்கள்

இலக்குப் புள்ளி கண்ணாடியில் அசையாமல் நின்றால் நீங்கள் அதை நோக்கிப் போகிறீர்கள். அது மேலே நகர்ந்தால் குட்டையாக இறங்குவீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டிவிடுவீர்கள். இந்த ஒரு விதி பெரும்பாலும் போதும். ஆனால் ரன்வேயின் உருவத்தை வைத்து ‘நான் உயரமா, தாழ்வா’ என்று மனம் போடும் கணக்கு, பழகிய ரன்வேயை அடிப்படையாகக் கொண்டது. 45 மீட்டர் அகலத்துக்குப் பழகியவர் 30 மீட்டர் ரன்வேயைப் பார்த்தால் உயரமாக இருப்பதாக நினைத்துக் கீழே போவார். ரன்வே 1 பாகை மேல்நோக்கிச் சரிந்திருந்தால், 3 பாகையில் சரியாக வரும்போதுகூட 4 பாகை போலத் தோன்றும். படம் ‘சரியாக’ வரும்வரை இறங்கினால் நிஜத்தில் நீங்கள் 2 பாகையில் இருப்பீர்கள்.

இரவில் கடலுக்கு மேலாகவோ, விளக்கே இல்லாத காட்டுக்கு மேலாகவோ வரும்போது முன்னால் ரன்வே விளக்கு மட்டும் மிதக்கும். இடையில் கருப்பு. உயரத்தை எடைபோட ஒரு பிடிமானமும் இல்லாததால், அங்கேயும் விமானிகள் கீழ்ப்பக்கமே தவறுகிறார்கள். கண்ணாடியில் மழை ஓடும்போதும் அப்படித்தான். கவனித்தீர்களா, இவற்றில் எல்லாமே ஒரே திசையில் தள்ளுகின்றன: கீழே. கீழ்நோக்கிச் சரிந்த ரன்வே, மிக அகலமான ரன்வே போன்ற சில மட்டும் எதிர்ப்பக்கம் ஏமாற்றும்.

உயரமானியே பொய் சொன்னால்

மேலே போட்ட டி.எம்.இ. கணக்கு ஒரு முக்கியமான பிழையைப் பிடிக்காது. க்யூ.என்.எச். (உயரமானியில் பதிக்கும் கடல்மட்டக் காற்றழுத்தம்) தவறாக இருந்தால் உயரமானி தொடக்கம் முதலே ஒரே அளவில் தவறாகக் காட்டும். ஒவ்வொரு மைலிலும் எண்கள் அழகாகப் பொருந்தும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில், 1001-க்குப் பதிலாக 1011 என்று கொடுக்கப்பட்ட அழுத்தத்தை வைத்து, மழைக்குள் 27-ஆர் ரன்வேக்குச் செயற்கைக்கோள் அப்ரோச்சில் வந்த ஏ320 ஒன்று, ரன்வேக்கு ஒரு மைலுக்குச் சற்று உள்ளே ரேடியோ உயரமானியில் (தரைக்கு மேலுள்ள உயரத்தை நேரடியாக அளப்பது) 6 அடி வரை தாழ்ந்துபோய், ரன்வே தெரியாததால் கோ-அரவுண்ட் செய்து தப்பியது. செயற்கைக்கோள் திசையைத்தான் தந்தது. உயரம் அழுத்தத்திலிருந்தே வந்தது.

இதற்கு மருந்து இரண்டு. ஏ.டி.சி. சொன்ன க்யூ.என்.எச்.-ஐ ஏ.டி.ஐ.எஸ்.-இல் (விமான நிலையத்தின் பதிவுசெய்த வானிலை அறிவிப்பு) கேட்டதோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் 10 மாறியிருந்தால் மறுபடி கேட்பது. ரேடியோ உயரமானி உள்ள விமானத்தில், அது 1,000 அடி காட்டும்போது அழுத்த உயரமானி என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. தரை சமமாக இருக்கும் ஊரில் இரண்டும் ரன்வே உயரத்தைக் கழித்தபின் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

தெரிந்தது மறைந்தால்

எம்.டி.ஏ.-வுக்குக் கீழே வந்தபிறகு ஒரு மழைத்திரை விளக்குகளை விழுங்கிவிட்டால் உடனே கோ-அரவுண்ட். ‘அடுத்த நொடி தெரியும்’ என்று காத்திருப்பதற்கு விதியில் இடமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, நீங்கள் இப்போது எம்.டி.ஏ.-வுக்குக் கீழே இருக்கிறீர்கள். மிஸ்ட் அப்ரோச்சின் தடைப் பாதுகாப்பு எம்.டி.ஏ.-விலிருந்து தொடங்கியதாகவே வடிவமைக்கப்பட்டது. எனவே முழு ஏற்றம், தாமதமில்லாமல். மிஸ்ட் அப்ரோச் புள்ளிக்கு முன்பே கோ-அரவுண்ட் தொடங்கினால் ஏறலாம், ஆனால் அந்தப் புள்ளிவரை இறுதிப் பாதையிலேயே போய், அதன்பிறகுதான் திரும்ப வேண்டும்.

பவரை முழுதாகத் தள்ளியதும் வேகம் கூடும். உள்காது அதை மூக்கு செங்குத்தாக உயர்வதாக உணரும். கையோ மூக்கைத் தாழ்த்தப் பார்க்கும். வெளியே ஒன்றும் தெரியாதபோது இது கொல்லக்கூடியது. கண் நேராகச் செயற்கை அடிவானத்துக்குப் போக வேண்டும், கையேட்டில் உள்ள மூக்குக் கோணத்தை வைத்து, ஏறுவதை உயரமானியில் உறுதிசெய்த பிறகுதான் சக்கரம், ஃப்ளாப்.

பழகுவது

சிமுலேட்டரில் பயிற்சி எடுக்கும்போது மேகத்தின் அடியை எம்.டி.ஏ.-வுக்கு 50 அடி மேலே வையுங்கள், காட்சித்தூரத்தை 3,000 மீட்டரில். பத்து அப்ரோச்சில் நாலைந்தில் மேகத்தை எம்.டி.ஏ.-வுக்கு 50 அடி கீழே இறக்கிவிடச் சொல்லி வேறொருவரிடம் கொடுங்கள். எது எப்போது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. பாப்பியை அணைத்து இரண்டு, எதிர்காற்றைச் சொல்லாமல் 25 நாட்டுக்கு ஏற்றி இரண்டு. ஒவ்வொன்றும் முடிந்தபின் த்ரெஷோல்டைக் கடந்த உயரத்தையும், 500 அடிக்குக் கீழே இறக்க வேகம் தொட்ட உச்சத்தையும் பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள். உயரம் 40-க்கும் 60-க்கும் நடுவில், இறக்கம் 800-க்குள் என்று தொடர்ந்து வர ஆரம்பித்தால், அடுத்து காட்சித்தூரத்தை 2,400-க்குக் குறைக்கலாம்.